அதுக்கில்ல

சூளைக் கதவின் முன்னால் பதினொரு பேர் நின்றோம். எங்களில் அங்கே வேலை இருந்தது ஒருவருக்கு மட்டும். அவர் ஸ்டெல்லா அக்கா. மற்ற பத்துப் பேரும் பார்க்க வந்தவர்கள். அந்தப் பத்தில் நானும் ஒருத்தி.

ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து, கோயிலுக்கு உடுத்திய உடையோடு நாங்கள் பத்துப் பேரும் நேராகப் பீங்கான் கம்பெனிக்கு வந்திருந்தோம். கம்பெனி என்றதும் பெரிதாக எண்ணிவிட வேண்டாம். தொழிற்பேட்டையின் கடைசி வரிசையில் தகரக் கூரை போட்ட கொட்டகை. பின்புறம் ஒரு கேஸ் சூளை. சுவரோரப் பலகைகளில் மின்கம்பத்துக்குப் போகும் இன்சுலேட்டர்கள், ப்யூஸ் கேரியர்கள். அச்சிலிருந்து எடுத்த சாமானின் பிசிறைச் சீவும் வேலை என் அம்மாவுக்கு. ஸ்டெல்லா அக்கா அம்மாவோடு வேலை பார்ப்பவர், எங்கள் தெருக்காரர்.

அன்று அவர் தம் வாழ்வில் முதன்முறையாகத் தாமே எரித்த சூளை ஆறிக்கொண்டிருந்தது.

"என்னம்மா ஸ்டெல்லா, உள்ள பொங்கலா வேவுது? தொறந்து காட்டறது" என்றார் சவரிமுத்து மாமா. அவர் எங்கள் தெருக்காரர், பணி ஓய்வு பெற்றவர். அலுவலகத்திலிருந்து பெற்ற ஓய்வு அது. மற்றவர் காரியங்களிலிருந்து அவர் இன்னும் ஓய்வு பெறவில்லை.

"சூடு எறங்கல மாமா. சாயங்காலமாத்தான் தொறக்கணும்."

"சாயங்காலம் வரைக்கும் நாங்க இங்க ஒக்காந்து ஜெபமாலை சொல்றதா?"

சிரித்தார்கள். அக்கா மீட்டரைப் பார்த்தார். முந்நூறு டிகிரியைத் தாண்டி நின்றது முள். நூற்றுக்குக் கீழே இறங்காமல் கதவைத் தொடக் கூடாது என்பது அவருக்குத் தெரியும். அவர் கை கதவின் தாழ்ப்பாள் மேல் இருந்தது. கையுறைக்குள் விரல்கள் மடங்கி விரிவதை நான் பார்த்தேன்.

அந்தக் கையை அங்கேயே நிறுத்திவிட்டு, அது அங்கு வந்து சேர்ந்த வழியை முதலில் சொல்ல வேண்டும்.

ஒரு சொல்லின் இலக்கணம்

எங்கள் ஊரில் யாரும் யாரையும் "செய்யாதே" என்று சொல்வதில்லை. அவ்வளவு முரட்டுத்தனம் எங்களுக்குப் பழக்கமில்லை. நாங்கள் "அதுக்கில்ல" என்று தொடங்குவோம்.

இதைப் பகுத்துப் பார்க்கலாம். அது, கு, இல்லை. 'அது' சுட்டுப்பெயர், ஆனால் எதைச் சுட்டுகிறது என்று இதுவரை எவரும் சொன்னதில்லை. 'இல்லை' எதிர்மறை, ஆனால் மறுக்கப்படுவது எதுவென்று வாக்கியத்தில் கிடையாது. நடுவில் இருக்கும் 'கு' நான்காம் வேற்றுமை உருபு. அதற்குக் கொடை, பகை, நட்பு, தகுதி எனப் பல பொருள்கள் உண்டு என்று கல்லூரி முதலாண்டில் மனப்பாடம் செய்தோம். நட்பின் குரலில் வந்து பகையின் வேலையை முடித்துவிட்டுப் போகும் பயன்பாடு பாடத்தில் இல்லை. அதை நான் தெருவில் கற்றேன்.

நான் தமிழ் இலக்கியம் எடுத்தபோது வீட்டுக்கு வந்தவர்கள் அனைவரும் இந்தச் சொல்லை வாசலில் செருப்போடு கழற்றாமல் உள்ளே கொண்டுவந்தார்கள். "அதுக்கில்ல பாப்பா, தமிழுதான் நமக்கே தெரியுதே, அத எதுக்கு மூணு வருஷம் படிக்கணும்?" சொன்னவர் அதே மாலை ஒரு விண்ணப்பத்தை எடுத்துவந்து என்னிடம் எழுதி வாங்கிப் போனார்.

பக்கத்துத் தெருவில் ஒரு டீச்சர் இருக்கிறார். தினமும் திட்டக்குடி பஸ்ஸில் பள்ளிக்குப் போகிறவர். ஐம்பது வயதில் ஸ்கூட்டி ஓட்டக் கற்றுக்கொள்ள ஆசைப்பட்டார். "அதுக்கில்ல டீச்சர், இந்த வயசுல வுழுந்தா எலும்பு கூடாது" என்றார்கள். அவர் விழவில்லை. ஏறவும் இல்லை. இன்றும் பஸ் நிறுத்தத்தில் நிற்கிறார். வண்டி ஓட்டிச் செல்லும் பெண்களைக் கண்ணெடுக்காமல் பார்க்கிறார். எலும்புகள் பத்திரமாக இருக்கின்றன.

இப்படிச் சொல்கிறவர்கள் எவரும் கெட்டவர் இல்லை. காய்ச்சல் என்றால் கஞ்சியோடு வருவார்கள். இழவு என்றால் முதல் ஆளாக நிற்பார்கள். பக்கத்து வீட்டாருக்குத் துன்பம் வந்தால் எங்கள் மக்களைப்போல் உதவுகிறவர்கள் கிடையாது. ஆசை வந்தால் மட்டும் அவர்களுக்கு என்ன செய்வதென்று தெரியாது. அதையும் ஒரு காய்ச்சலாகவே கருதி இறக்கிவிடப் பார்க்கிறார்கள்.

தட்டுகிற மேசை

ஸ்டெல்லா அக்காவின் வேலை தட்டிப் பார்ப்பது. சூளையிலிருந்து வரும் ஒவ்வொரு சாமானையும் சிறிய இரும்புக் கம்பியால் தட்டுவார். நல்லது கணீர் என்று பேசும். உள்ளே கீறல் இருந்தால் 'லொட்டு' என்னும், அது ஒதுக்கப்படும். ஒன்பது வருடங்களாக அவர் காதில் விழுந்தது இந்த இரண்டு தீர்ப்புகள்தாம்.

புதிதாக வேலைக்கு வருகிற பெண்கள் எல்லாரும் செய்கிற தவறு ஒன்று உண்டு. சூளைக்குப் போகாத பச்சைச் சாமானை எடுத்துத் தட்டிவிடுவார்கள். அது ஒலிக்காது, உடையும். "வேவாததத் தட்டுனா என்னாடி சொல்லும்? வாயில்லாத ஜீவன்" என்று அம்மா திட்டுவார். முதல் வாரத்திலேயே எல்லாரும் கற்றுக்கொண்டுவிடுவார்கள். கம்பெனி வாசலைத் தாண்டி வெளியே வந்ததும் மறந்துவிடுவார்கள்.

ஒன்பது வருடங்களில் அக்கா வேறு ஒன்றும் செய்திருந்தார். எந்தச் சூளை எத்தனை மணிக்குப் பற்றவைக்கப்பட்டது, எந்த வேகத்தில் சூடு ஏறியது, எவ்வளவு நேரம் ஆறியது, அதிலிருந்து மேசைக்கு வந்ததில் எத்தனை 'லொட்டு' என்றது என்று ஒரு பழைய டைரியில் குறித்துவந்தார். யாரும் குறிக்கச் சொல்லவில்லை. கேட்டபோது, "காது கேக்குது, கை எழுதுது" என்றார்.

சூளை மேஸ்திரி முழங்கால் வலி தாங்காமல் மகனோடு இருக்கத் திருப்பூருக்குப் போவதாகச் சொன்ன அன்று, அக்கா அம்மாவிடம் மெதுவாகச் சொன்னார். "நான் சூளை வைக்கறேன்னு மொதலாளிகிட்டக் கேக்கலாம்னு இருக்கேன்."

செய்தி தெருவை எட்ட அரை நாள் ஆனது. பெண்ணின் நிழல் பட்டால் சூளையில் சாமான் வெடிக்கும் என்றார் ஒருவர். மண் பிசைவதிலிருந்து பிசிறு சீவி, மெருகுப் பாலில் முக்கி எடுப்பது வரை அந்த நிழலில்தான் ஒவ்வொரு சாமானும் உருவாகிறது. கடைசிப் பத்தடி தூரத்தில் மட்டும் நிழலுக்கு நஞ்சு ஏறிவிடுகிறது போலும்.

"அதுக்கில்ல ஸ்டெல்லா" என்றார் சவரிமுத்து மாமா. "ஒனக்குத் தெரியாதுன்னு நான் சொல்லல. நாளைக்கி ஒண்ணுன்னா ஒம் பேருதான் கெடும்."

"என் பேரு இப்ப எங்க மாமா இருக்குது, கெடறதுக்கு?" என்றார் அக்கா.

அவருடைய கணவர் அந்தோணி அண்ணன், பெண்ணாடத்துக்குக் கரும்பு டிராக்டர் ஓட்டுகிறவர். பேச்சு குறைவு. அவர் சொன்னது ஒரே வரி: "செய்யி. காலைல சோறு நான் வடிச்சிக்கறேன்." நான் கேட்ட ஊக்கமொழிகளில் இதுவே தலைசிறந்தது. மேடைகளில் இதைவிட நீளமானவற்றைக் கேட்டிருக்கிறேன். எதிலும் சோறு இருந்ததில்லை.

படித்த பிள்ளை

மறுநாள் மாலை அக்கா எங்கள் வீட்டுக்கு வந்தார். முதலாளிக்குக் கடிதமாகக் கொடுத்தால் மறுப்பதற்குமுன் யோசிப்பார் என்று அவருக்கு ஓர் எண்ணம். "நீ எழுதிக் குடு பாப்பா. நான் சொல்றேன்" என்று நோட்டை நீட்டினார்.

நான் அதிகம் பேசாதவள். பேசினால் சரியாகப் பேச வேண்டும் என்று நினைப்பவள். அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். 'ஒன்பது வருடமாகச் சூளையைக் கவனித்து வருகிறேன்' வரை எழுதினேன். 'இனி நானே சூளை வைக்கிறேன்' என்ற இடத்தில் பேனா நின்றது. உயர்ந்த குரலில் ஒரு கோரிக்கை வருவதற்குமுன் தகுதி நிறுவப்பட வேண்டும் அல்லவா? சான்றிதழ் இல்லை. முன் அனுபவம் இல்லை. நான் தலைநிமிர்ந்து சொன்னேன்.

"அதுக்கில்லக்கா..."

அந்தச் சொல் என் வாயிலிருந்து எவ்வளவு இயல்பாக வந்தது என்பதை எழுதும்போது கை கூசுகிறது. அதுவரை அதை ஓர் ஊர்நோயாக வைத்து நகைத்துக்கொண்டிருந்தவள் நான்.

"எதுக்கில்ல?" என்று கேட்டார் அக்கா.

கோபமாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். எங்கள் ஊரில் அந்தக் கேள்வியை யாரும் யாரிடமும் கேட்டதில்லை.

"இல்ல... மொதல்ல ஒரு வருஷம் ஒதவிக்கு இருந்து பாக்கறேன்னு எழுதுனா பொருத்தமா இருக்கும்."

"மேஸ்திரிதான் போயிடறாரே. யாருக்கு ஒதவி?"

"புதுசா வர்றவருக்கு."

அக்கா நோட்டை என் மடியிலிருந்து எடுத்து மூடினார். "நீ படிச்ச புள்ள. நீ சொன்னா சரியாத்தான் இருக்கும். போயிட்டு வரேன்."

என் வாக்கியத்தில் ஒற்றுப்பிழை இல்லை. தொடர்ப்பிழை இல்லை. ஒரு மனிதரின் ஒன்பது வருடத்தை ஒரு வருட உதவிக்குச் சுருக்கும் அந்த ஆலோசனை இலக்கணச் சுத்தமாக இருந்தது. சவரிமுத்து மாமாவால் முடியாதது என்னால் முடிந்திருந்தது. அவர் சொன்னபோது அக்கா பதில் பேசினார். நான் சொன்னபோது எழுந்து போனார்.

கடிதத்தை அவரே எழுதிக் கொடுத்தார் என்று பிறகு தெரிந்தது. அம்மா அதைப் பார்த்திருக்கிறார். 'சூளை' என்று வர வேண்டிய இடத்திலெல்லாம் 'சூலை' என்று இருந்ததாம். சூலை என்பது பழைய நூல்களில் வரும் கொடிய வயிற்றுவலி. 'சூலை வைக்க எனக்குத் தெரியும். என்னை நம்பி ஒரு சூலை கொடுங்கள்' என்று அவர் முதலாளிக்கு எழுதியிருந்தார். முதலாளிக்குப் புரிவதில் எந்தச் சிக்கலும் இருக்கவில்லை. "ஒரு ட்ராலி வச்சுக் காட்டுங்க, பாக்கலாம்" என்றார். சாமானை அடுக்கிச் சூளைக்குள் தள்ளுகிற வண்டிதான் ட்ராலி. நான் எழுதியிருந்தால் அந்தக் கடிதத்தில் பிழை இருந்திருக்காது, சூளையும் இருந்திருக்காது.

கதவு திறந்தது

ஆகவே அந்த ஞாயிற்றுக்கிழமை. தாழ்ப்பாள் மேல் கை. முந்நூறைத் தாண்டி நின்ற முள்.

"சும்மா ஒரு விரக்கடை தொறந்து காட்டும்மா. கண்ணாலயே தெரிஞ்சிடும்ல" என்றது ஒரு குரல்.

"மேஸ்திரி இருந்திருந்தா இந்நேரம் தொறந்திருப்பாரு."

"பயப்படுதும்மா அது. வுடுங்க."

கடைசியாகச் சொன்னவர் இரக்கத்தோடு சொன்னார். அதுதான் தைத்தது. அக்கா தாழ்ப்பாளை இழுத்தார்.

அந்த இடத்தில் "சாயங்காலம் வாங்க" என்று இரண்டு சொற்கள் போதும். மீட்டரைப் பார்க்கவும் படிக்கவும் எனக்குத் தெரியும். வாய் திறக்கவில்லை. அடக்கம் என்று என்னைப் பற்றி ஊரில் சொல்வார்கள்.

கதவு ஒரு சாண் அகன்றது. அனல் முகத்தில் அடிக்க எல்லாரும் பின்வாங்கினார்கள். வெளிக்காற்று உள்ளே போனது. வெண்மையாகப் பளபளத்த வரிசைகளைப் பார்த்து "அடடே, நல்லாத்தானே இருக்குது" என்றார் ஒருவர். அப்போது உள்ளிருந்து ஒரு மெல்லிய ஒலி கேட்டது. டிக். சிறிது இடைவெளி விட்டு இன்னொன்று. பிறகு பல. கண்ணாடி வளையல்கள் தொலைவில் உரசுவதுபோல் இனிமையாகவே இருந்தது. அழகான ஒலி என்று நான்கூட நினைத்தேன்.

அக்காவின் முகத்தைப் பார்த்த பிறகுதான் அது என்னவென்று புரிந்தது. சாமான்கள் ஒவ்வொன்றாகக் கீறிக்கொண்டிருந்தன.

பாதிக்கு மேல் போனது. மற்ற ஒன்பது பேரும் ஆறுதல் சொன்னார்கள். அதில் எங்களுக்கு இணை இல்லை என்று முன்பே சொன்னேன். "நல்லதுக்குத்தாம்மா சொன்னோம், நீ கேக்கல" என்றார் சவரிமுத்து மாமா.

"நீங்க கடசியா சொன்னது 'தொற'ன்னு மாமா. அத மட்டுந்தான் கேட்டேன்" என்றார் அக்கா. "தொறந்தது நான். தப்பு என்னுதுதான்."

துடைப்பத்தை எடுத்தார். கூட்டம் கலைந்தது.

மறுநாள் முதலாளி வந்து பார்த்தார். அக்காவின் டைரியைப் புரட்டினார். "எரிச்சது சரியாத்தான் எரிச்சிருக்கீங்க. இன்னொரு ட்ராலி வைங்க. அதுவும் போச்சுன்னா வெளியூர்லேர்ந்து ஆளு வந்துடுவான். நீங்க மேசைக்குப் போயிடணும். அப்பறம் இந்தப் பேச்சே வேணாம்."

காவல்

அடுத்த சனிக்கிழமை அக்கா எங்கள் வீட்டு வாசலில் நின்றார். நோட்டு விஷயத்துக்குப் பிறகு அதுவே முதல் முறை.

"நாளைக்கி ஒனக்கு வேல இருக்குதா பாப்பா?"

"பரீட்சைக்குப் படிக்கணும்க்கா."

"கம்பெனி கேட்டாண்ட ஒக்காந்து படி. நான் சொல்றவரைக்கும் யாரையும் உள்ள வுடாத."

மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று வாரம் முழுக்க ஒரு வாக்கியத்தைச் செதுக்கி வைத்திருந்தேன். தொடங்கினேன். அவர் கையமர்த்தினார்.

"ஒண்ணும் சொல்ல வேணாம். தைரியமும் சொல்ல வேணாம். நீதான் பேச மாட்டியே, அதான் ஒன்னக் கூப்புடறேன்."

காலை முதல் இரும்புக் கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு கவிழ்த்த வாளியின் மேல் உட்கார்ந்திருந்தேன். மடியில் அணியிலக்கணம். வெயில் ஏற ஏற வாளி சுட்டது. உள்ளே எந்தச் சத்தமும் இல்லை. நான் ஒரு வரியும் படிக்கவில்லை.

பூசை முடிந்ததும் வந்தார்கள். இந்த முறை ஆறு பேர். சவரிமுத்து மாமா கையில் ஒரு பொட்டலம்.

"தள்ளிக்க பாப்பா. ஆறுதல் சொல்லிட்டுப் போயிடறோம்."

"இன்னும் தொறக்கலயே மாமா. எதுக்கு ஆறுதல்?"

"போன வாரம் பாத்தோம்ல. பாவம், தனியா நின்னு பாக்க வேணாமேன்னுதான்."

"உள்ள யாரும் வரக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க."

"யாரு, மொதலாளியா?"

"மேஸ்திரி."

"அவருதான் திருப்பூரு போயிட்டாரே."

"இப்ப இருக்கற மேஸ்திரி."

இதை நான் திட்டமிட்டுச் சொல்லவில்லை. சொல் வந்துவிட்டது. வந்த பிறகு அது சரியான சொல்லாகவும் இருந்தது. மாமா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "வாயே தொறக்காத புள்ளயக் காவலுக்கு வச்சிருக்கா பாரு" என்று பின்னால் இருந்தவர்களிடம் சொன்னார். சிறிது நேரம் வேலியோரம் நின்றார்கள். நிழல் இல்லை. மற்றவர் தோல்வியை வெயிலில் நின்று பார்க்கும் அளவுக்கு எங்கள் ஊரார் உழைப்பாளிகள் அல்லர். பொட்டலத்தைப் பிரித்துப் பக்கோடாவைத் தின்றபடி திரும்பிப் போனார்கள்.

மதியம் அந்தோணி அண்ணன் தூக்குவாளியோடு வந்தார். அவரையும் நிறுத்தினேன். அவர் வாதிடவில்லை. சோற்றை என்னிடம் கொடுத்தார். "நீ சாப்பிட்டியா?" என்று கேட்டார். தலையசைத்ததும் போய்விட்டார். தூக்குவாளியைக் கொட்டகை வாசலில் வைத்து, அக்காவைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டு என் இடத்துக்குத் திரும்பினேன்.

இன்று எங்கள் தெருவில் விசாரித்தால் ஸ்டெல்லா அக்காவுக்கு அன்றே தைரியம் சொன்னவர்கள் என்று இருபது பேராவது கிடைப்பார்கள். சவரிமுத்து மாமா முதலிடத்தில் இருப்பார். "நான் அப்பவே சொன்னேன், அதுக்குக் கை ராசின்னு" என்று கோயில் வாசலில் அவர் சொல்வதை என் காதால் கேட்டேன். அந்த இருபது பேரில் என் பெயரையும் சேர்த்து அம்மா ஒருமுறை பெருமையாகப் பேசினார். மறுத்தேன். அடக்கத்தால் மறுக்கிறேன் என்று நினைத்துக்கொண்டார்.

அந்த ஞாயிறு வெயில் சாய்ந்த பிறகு சூளைக் கதவு உருளும் ஓசை கேட்டது. எழுந்து நின்றேன். காதைக் கூர்மையாக்கிக்கொண்டேன். வேறு ஓசை எதுவும் வரவில்லை. நெடுநேரம் வரவில்லை.

பிறகு அக்கா கேட்டருகே வந்தார். முகம் கருஞ்சிவப்பாக இருந்தது. கையுறையைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கியிருந்தார். காலித் தூக்குவாளியை என்னிடம் நீட்டினார்.

"எப்படிக்கா வந்திருக்குது?"

"வந்திருக்குது. ஏழோ எட்டோதான் போயிருக்குது."

"நான் ஒருவாட்டி பாக்கட்டுமாக்கா?"

அக்கா சின்னதாகச் சிரித்தார். அந்தச் சிரிப்பில் கசப்பு இல்லை. எனக்கென்று தனிச்சலுகையும் இல்லை.

"நாளைக்கி மேசைக்கு வரும். எல்லாரோடயும் சேந்து பாரு. இப்பப் போயிப் படி, பரீட்சை இருக்குதுல்ல."

நான் வெளியே நின்று கேட்டைச் சாத்தினேன். கொக்கியை அவர் உள்ளிருந்து போட்டுக்கொண்டார்.